ரோசாப்பழக் குடிநீர்

மகளுக்கு மூக்கொழுகித் தடிமன் பிடிக்கும்போதெல்லாம் நான் கைப்பேசியில் காட்டு ரோசாப்பழத்தைப் பற்றி வாசிக்கிறேன். தோடம்பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு என்கிறார்கள். அடுப்பைப் பற்றவைக்குமுன் இன்னொரு தடவையும் வாசிக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு அப்போது ஏழு வயது. இத்தாலிக்கு வந்த புதிதில், பிரான்காச்சோ என்ற இடத்தில் நாலாம் மாடியில் இருந்தோம். அம்மா லிபெர்த்தாத் தெருவில், சின்யோரா என்று நாங்கள் அழைத்த ஓர் இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் வேலை செய்தார். நான் ஒரு கிழமையாக இருமுவதைக் கேள்விப்பட்ட சின்யோரா, மலைப்பக்கத்துத் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த சிவந்த சிறு பழங்களைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்து, நீளமாக ஏதோ விளக்கியிருக்கிறார். அம்மாவின் இத்தாலியன் அப்போது விளக்குமாற்றையும் இஸ்திரிப்பெட்டியையும் தாண்டாதது. வைட்டமின், பிள்ளை, தண்ணீர் என்ற மூன்று சொற்களோடு வீடு வந்தார்.

மிச்சத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். தடிமனுக்குக் குடிநீர் காய்ச்சத் தெரியாதவரா அவர்? பாதிப் பழங்களை முழுதாகத் தட்டி, மல்லியும் இஞ்சியும் சேர்த்து, நாலு பேணித் தண்ணீர் ஒரு பேணியாகும்வரை வற்றவிட்டார். தேத்தண்ணி வடியால் வடித்தார்.

"ரோசாக்காயோ? இஞ்சத்தைய ஆக்கள் என்னத்தைத்தான் விட்டு வைச்சவை," என்று அப்பா சிரித்தார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. பிள்ளை, மூக்கைப் பொத்திக்கொண்டு குடி."

குடித்தேன். தொண்டைக்குள் மயிர்க்கொட்டி ஊர்ந்ததுபோல அரித்தது. நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழ, அம்மா வெளிறிப்போய் என் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவினார். சற்று நேரத்தில் எனக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

"மிச்சப் பழத்தைக் கொட்டும்," என்றார் அப்பா. அம்மா கொட்டவில்லை.

அடுத்த நாள் என்னையும் பஸ்ஸில் வேலைக்குக் கூட்டிப்போனார். சின்யோராவின் குசினியில் என்னை முன்னுக்கு நிறுத்தி, "நான் என்ன பிழை விட்டனான் எண்டு கேள் பிள்ளை," என்றார். பள்ளிக்கூடத்தில் பழகிய இத்தாலியனில் நான் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். சின்யோரா தலையில் கை வைத்தார். பிறகு ஒரு பழத்தைப் பிளந்து காட்டினார். விதைகளைச் சுற்றி மெல்லிய பொன்னிற மயிர். அதுதான் அரிக்கும். சுரண்டி எடுக்க வேண்டும், துணியில் வடிக்க வேண்டும். வற்றக் காய்ச்சினால் வைட்டமினும் போய்விடும், சுடுதண்ணீரில் மூடி ஊறவிட்டால் போதும்.

நான் எனக்குத் தோன்றியபடி சுருக்கினேன்: "அம்மா, நீங்கள் செய்தது முழுக்கப் பிழையாம்."

"ஓம். எத்தினை தரம் வடிக்கிறதெண்டு கேள்."

இரண்டு தரம் என்றார் சின்யோரா.

அன்று பின்னேரம் அம்மா மிச்சப் பழங்களை ஒவ்வொன்றாகப் பிளந்து சுரண்டினார். ஊறியதைப் பழைய பருத்திச் சேலைத் துண்டில் நாலு தரம் வடித்தார். செம்மஞ்சள் நிறம், புளிப்பு மணம். நான் கையை நீட்டினேன். அம்மா தரவில்லை. தானே மூன்று மிடறு குடித்துவிட்டுக் கதிரையில் இருந்து, தொண்டையில் கைவைத்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து இன்னும் இரண்டு மிடறு. மறுபடியும் மணிக்கூடு.

"அப்பா, எனக்கு வச்சதை அம்மா குடிக்கிறா."

அப்பா வந்து வாசலில் நின்று பார்த்தார். "விடு, குடிக்கட்டும்," என்றார்.

கடைசியில் என்னிடம் வந்த கோப்பை ஆறிப்போயிருந்தது, பாதிதான் இருந்தது. எனக்குச் சரியான கோபம். அம்மாவின் முகத்தைப் பாராமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.