கண் மூடாமல் சவாசனம்

கம்பெனி பஸ் கவிழ்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு இருபதுக்கு மாதனூரில் ஏறியதும் தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. என் மேல் நாலைந்து பேர் விழுந்திருந்தார்கள். தினமும் டைரி எழுதுகிற எனக்கு அதன்பின் பதினோரு நாள் வெற்றுப் பக்கங்கள்.

காயம் ஆறிய பிறகும், தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் மார்பு அடைத்தது. கண்ணை மூடினால் விழுவது போலிருந்தது. இதற்கு ஒரு பெயர் உண்டென்று படித்துத் தெரிந்துகொண்டேன். பெயர் தெரிந்ததால் பயம் குறையவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை உட்கார்த்திப் பேச வைத்தார். "இது எதையும் நிறுத்தாதீங்க. கூடவே யோகாவும் செய்ங்க" என்றார்.

வகுப்பு காட்பாடியில், வியாழக்கிழமைகளில். பஸ்ஸுக்குப் பயந்து ஆட்டோவில் ஆம்பூர் போய் ரயில் பிடித்தேன். பெண்கள் மட்டும் எட்டுப் பேர். முதல் நாள் சவாசனத்தில் கண்ணை மூடியவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வியர்வை. கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.

ஆசிரியை என்னைத் தொடவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"கண்ண மூடணும்னு இல்லம்மா. படுக்கவும் வேணாம். உக்காந்து பாதத்த தரையில அழுத்துங்க. தரை இருக்குதா பாருங்க."

ஒன்பது வியாழன் அதைத்தான் செய்தேன். அதற்குள் விடுப்பு முடிந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்றது கம்பெனி. வேலை நேரத்துக்குப் போய்ச் சேர அந்த பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

ஏறினேன். பஸ் கவிழ்ந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்து கை முறிந்தவள், தையல் பிரிவில் வேலை செய்கிற முஸ்லிம் பெண், ஜன்னலோரம் இருந்தாள். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் பஸ்ஸின் தகரத் தரையில் ஊன்றி அழுத்தினேன். மூச்சை எண்ணினேன். நாலைத் தாண்டவில்லை.

"இன்னாக்கா, நீ பிரேக் போட்டா வண்டி நின்னுடுமா?"

"பேசாத. எண்ணிக்கை போய்டும்."

"ரொம்ப பேஜார் புடிச்ச ஆளா ஆயிட்டே" என்று சிரித்தாள்.

கவிழ்ந்த இடம் வந்தது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. கண்களைத் திறந்தே வைத்திருந்தேன். பக்கத்தில் சிரிப்பு நின்றிருந்தது. குனிந்து பார்த்தேன், அவளும் பாதங்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

"சாயங்காலம் வருவியாக்கா?"

"வர்றேன். ஜன்னல் சீட்டு எனக்கு. ரோட்டப் பாத்துக்கினே வரணும்."

"நானும்தான் பாக்கணும்" என்றாள்.