பொனாரியாவின் ஐம்பத்தெட்டுக் காதுக்குறிகள்

ஆட்டின் முகத்தைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்பவர்கள் எங்கள் மலையில் நிறையப் பேர் உண்டு. பொனாரியா காதைத் தடவிச் சொல்லுவாள். கறக்க உட்காரும் முன் அவளுடைய கை ஒரு கணம் ஆட்டின் வலது காதுக்குப் போய்வரும். நுனி வெட்டு, ஓரத்தில் அரைவட்டம். "யாரு, கொனாரியோ பேத்தியா? நேத்து மாதிரி வாளிய உதைச்சே, உங்க தாத்தாகிட்ட சொல்லிடுவேன்" என்பாள். பால் எடுக்கப் போகும் எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. கொனாரியோ எங்கள் கூட்டுறவுப் பால் நிலையத்தின் தலைவர்.

ஆடு எப்படி அவருக்குப் பேத்தியானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூலைக் காட்டுத்தீயில் பொனாரியாவின் நூற்றைம்பது ஆடுகளும் பட்டியோடு எரிந்தன. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக மந்தை மேய்த்த பெண். தீ அணைந்தபோது அவளிடம் ஒரு நாயும் ஒரு வாளியும் மிஞ்சின. சார்தீனியாவில் மந்தையை இழந்தவருக்கு ஆளுக்கு ஒரு ஆடு கொடுப்பது முறை. பராதூரா என்போம். அது பிச்சை அல்ல. இன்று உனக்கு, நாளை எனக்கு. அக்டோபரில் ஐம்பத்தெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு பெண்ணாட்டை ஓட்டி வந்து அவளுடைய வேலிக்குள் விட்டார்கள். கொனாரியோ கொண்டுவந்தது மந்தையிலேயே பெரியது, மடி தரையைத் தொடும். கடைசியாக வந்த பாக்கீஸியோ கொண்டுவந்தது ஒரு நோஞ்சான். அவரிடம் இருந்ததே பதினொரு ஆடுகள்தான். அவருக்கு ஒரு கண் மாறுகண். ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் பால் திரிந்தாலும் பழி அந்தக் கண்ணின் மேல்தான் விழும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று பராதூரா ஆட்டுக்குக் கேட்டால், கொடுத்தவர் ஜென்மத்துக்கும் பேசமாட்டார். பொனாரியா கேட்கவில்லை. அவள் செய்தது வேறொன்று. எங்கள் மலையில் ஆளுக்கு ஒரு காது வெட்டு, அதுதான் உடைமைக் குறி. பிறந்த குட்டிகளுக்கு இடது காதில் தன் குறியை வெட்டினாள். வலது காதில், தாயாட்டைக் கொடுத்தவரின் குறியை வெட்டினாள். பேத்திக்கும் அதே குறி. நன்றி மறக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

"ஆடு உன்னுதா, எங்களுதா? காதப் பாத்தா சந்தேகமா இருக்கே!" என்று கேலி செய்தார்கள்.

"கறக்கும்போது என்னுது. கழிசல் கண்டா உங்களுது" என்றாள்.

நான்கு வருடத்தில் மந்தை நூற்று எண்பத்து மூன்றானது. ஐந்தாம் வருடம் ஆடுகள் இரைக்கத் தொடங்கின. மேடு ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கின. தின்றும் இளைத்தன. சிலவற்றுக்கு மடி கல்லாக இறுகிவிட்டது. எங்கள் பேச்சில் இதற்குப் பேர் இரைப்பு நோய். வைரஸால் வருவது. பாலிலும் மூச்சிலும் பரவும், உடம்பில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மனிதரைத் தொடாது. நான் நிலையத்தில் பால் சோதிப்பவன். அவள் பாலில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியே கொடுத்தேன். படிக்க யாருக்கும் நேரம் இல்லை.

நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் போனது. மந்தை முழுவதையும் வெட்டி முடிக்கும்வரை பால் வண்டி அவளுடைய வாசலுக்கு வராது. இறுதி முடிவு நவம்பர் கூட்டத்தில். ஊருக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. பாக்கீஸியோ அரைமனதோடு கொடுத்த ஆடு, அந்தக் கண் பட்ட ஆடு. ரொட்டிக் கடையில் அவர் நுழைந்தால் பெண்கள் கண் படாமலிருக்கச் சால்வைக்குள் விரல் மடக்கிக் கொம்பு காட்டினார்கள். கையில் கைபேசி வைத்திருக்கும் பெண்கள்தான். உலகத்தின் எந்தச் செய்தியும் அவர்களுக்கு நொடியில் வரும், தெரு முனையில் இருக்கும் மனிதனின் நியாயம் மட்டும் வராது.

பாக்கீஸியோவே வந்து கேட்டார். "என் ஆட்டையும் அதோட குட்டிகளையும் நானே ஓட்டிட்டுப் போயிடுறேன்மா. உன் பட்டிக்கு ஏன் கெட்ட பேரு?"

"ஓட்டிட்டுப் போனா அவங்க சொன்னது நெசமாயிடும். பேசாம உக்காருங்க அண்ணே. ரொட்டி தின்னுங்க."

சாஸ்ஸரி நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர் ரெமேதியாவை பொனாரியா விடாமல் பதினேழு தடவை தொலைபேசியில் அழைத்தாள். பதினெட்டாவது அழைப்புக்கு முன் ரெமேதியாவே காரில் வந்து இறங்கினாள். இரண்டு நாள் முழுக்க ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு குப்பியிலும் எண்ணோடு, வலது காதில் இருந்த குறியையும் வரையச் சொன்னாள் பொனாரியா.

மூன்று வாரம் கழித்து ரெமேதியா முடிவோடு வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு ஆடுகளின் ரத்தத்தில் நோய் இருந்தது. எழுபத்தொன்றில் இல்லை. மூன்று பேரும் அவற்றைக் காதுக்குறி வாரியாகப் பிரித்து வைத்தோம். பாக்கீஸியோவின் குறி உள்ளவை பதினான்கு. அவற்றில் பதின்மூன்று சுத்தம்.

"எல்லாம் ஒரே பட்டி, ஒரே தண்ணித் தொட்டி. இதுங்களுக்கு மட்டும் எப்படிம்மா?" என்றாள் பொனாரியா.

"மரபணுக்கா. ஆடு குட்டி போடும்போது அம்மாகிட்ட இருக்கறத அப்படியே நகல் எடுத்துத்தான் குட்டிக்குக் குடுக்குது. எப்பவாவது ஒரு இடத்துல பிசகும். பாக்கீஸியோ ஆட்டு வம்சத்துல எந்தக் காலத்துலயோ ஒரே ஒரு எழுத்து பிசகியிருக்கு. அதனால ரத்த அணு மேல இருக்கற ஒரு புரதம் கொஞ்சம் வேற மாதிரி. வைரஸ் வந்து பிடிச்சா பிடி வழுக்குது."

"பிசகுனது நல்லதாப் போச்சா?"

"அது நல்லதுமில்ல, கெட்டதுமில்ல. இந்த நோய் வந்ததால இப்ப நல்லது. இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க ஆட்டுக்குக் கரு தங்குறதுலயே ஒரு பழைய வைரஸுக்குப் பங்கு இருக்கு. லட்சக்கணக்கான வருஷம் முன்ன ஆட்டு மரபணுவுக்குள்ள வந்து ஒட்டிக்கிட்டு, அங்கேயே குடும்பம் நடத்துது."

"அப்ப என் மந்தைக்கு வைரஸ் சம்பந்தி முறைன்னு சொல்லு!" பொனாரியா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். உடனே முகம் இறுகியது. "சரி, இந்தப் பாவி வைரஸ் எவன் ஆட்டுல வந்தது?"

ரெமேதியா ஒரு தாளை விரித்தாள். வைரஸும் தன்னை நகல் எடுக்கிறது. ஆடு வருடத்துக்கு ஒரு குட்டி போட்டால், வைரஸ் ஒரே நாளில் கோடிக்கணக்கில் பெருகும். அத்தனையிலும் பிசகு. திருத்த ஆள் கிடையாது. புதுப் பிசகு வரும்போது பழைய பிசகு அழியாமல் கூடவே போகும். அதைப் பின்தொடர்ந்தால் எது தாய், எது மகள் என்று தெரிந்துவிடும். நோய் கண்ட எல்லா ஆடுகளின் வைரஸிலும் இருந்த பொதுப் பிசகுகள் ஓர் ஆட்டிடம் மட்டும் தனியாக, மேலே வேறு எதுவும் அதிகம் சேராமல் இருந்தன. நோய் அதிலிருந்துதான் கிளம்பியது. அதன் வலது காதில் நுனி வெட்டும் அரைவட்டமும்.

கொனாரியோ கொடுத்த பெரிய ஆடு. பொனாரியாவின் மந்தையின் பெருமை. ரத்தத்தில் நோய் இருந்தும் அதற்கு மட்டும் இரைப்பே இல்லை. கொழுகொழுவென்று நின்றது. தாயிடம் பால் போதாத குட்டிகளுக்கெல்லாம் நான்கு வருடமாக அதன் சீம்பாலைத்தான் பொனாரியா புட்டியில் ஊட்டியிருந்தாள்.

"என் கையால நானே ஊட்டிருக்கேன்" என்றாள். பிறகு எழுந்து தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "கூட்டம் வெள்ளிக்கிழமைதானே?"

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஐம்பத்து மூன்று பேர் இருந்தோம். பாக்கீஸியோ கதவோரம் நின்றிருந்தார். அவரைச் சுற்றி நான்கு நாற்காலிகள் காலி.

"சுருக்கமா முடிச்சிடலாம்" என்றார் கொனாரியோ. "ஊர் மந்தையக் காப்பாத்தணும். பொனாரியா, வருத்தந்தான். வெட்டிடு. மறுபடி ஆளுக்கு ஒரு ஆடு தருவோம்."

"மறுபடியுமா? மொத தடவ தந்ததுல ஒண்ணுலதான்யா இந்த நோயே வந்துது" என்று அவள் எழுந்தாள். தாளை விரித்து, நூற்றுப் பன்னிரண்டும் எழுபத்தொன்றும் எங்கே எங்கே என்று குறி குறியாகச் சொன்னாள். பாக்கீஸியோவின் பதின்மூன்றைச் சொன்னபோது பலர் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நுனி வெட்டும் அரைவட்டமும் என்றாள்.

கொனாரியோவின் கழுத்து சிவந்தது. "என் மந்தையில நோயா? உன் பட்டிக்கு வந்தப்புறம் புடிச்சிருக்கும்! பொம்பள மேய்ச்சா இப்படித்தான்!"

"இருக்கலாம். தெரிஞ்சுக்க ஒரே வழி. உங்க பட்டிக் கதவத் தொறங்க, ரத்தம் எடுக்கட்டும்."

"என் ஆட்டு ரத்தத்த எடுக்க நீ யாரு?"

"உங்க ஆட்டச் சோதிக்கக் கூடாது, என் ஆட்ட வெட்டலாம். எந்த ஊரு நியாயம் இது? நோய் வந்தது உங்க குத்தம் இல்ல. வைரஸுக்கு உங்க பேரும் தெரியாது, பாக்கீஸியோ கண்ணும் தெரியாது. சோதிக்காம ஒரு மனுஷன் மேல பழி போட்டீங்களே, அது குத்தம். என் நூத்துப் பன்னெண்டையும் நானே வெட்டுக்குக் கொண்டுபோய் விடுறேன். மிச்சம் எழுபத்தொண்ணத் தொட விடமாட்டேன். ஐம்பத்தெட்டுப் பேரு வீட்டு ரத்தம் அதுல இருக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அதனாலதான் சிலது தப்பிச்சு நிக்குது. எல்லாத்தையும் வெட்டிட்டா, தப்பிச்சதோட சேத்துத்தான் வெட்டுறீங்க."

யாரோ பின்னாலிருந்து, "நம்ம எல்லாரு ஆட்டையுமே பாத்துடலாமே?" என்றார்கள். கை தூக்கச் சொன்னார்கள். ஊர் முழுக்கச் சோதிக்கலாம், அதுவரை சுத்தமான ஆட்டின் பாலை எடுக்கலாம் என்பதற்கு முப்பத்தொன்று. வேண்டாம் என்பதற்கு இருபத்திரண்டு.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். திங்கட்கிழமை காலை நூற்றுப் பன்னிரண்டும் லாரியில் ஏறின. ஒவ்வொன்றின் வலது காதையும் தடவிப் பேர் சொல்லி ஏற்றினாள். பெரிய ஆடு கடைசியாக, இழுக்காமல் அவள் பின்னாலேயே நடந்து வந்து ஏறியது.

பிப்ரவரியில் ஊரின் முடிவுகள் வந்தன. ஒன்பது பட்டிகளில் நோய். கொனாரியோவின் மந்தையில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே இருந்த வைரஸ்களில் சில, பெரிய ஆட்டுடையதைவிடப் பழையவை; அதைக் கொடுக்கும் முன்பே நோய் அவர் பட்டியில் இருந்திருக்கிறது.

இதற்கிடையில் பாக்கீஸியோ வம்சத்துக் கிடா ஒன்றை பொனாரியா எல்லா ஆடுகளோடும் சேர்க்கப் பார்த்தாள். ரெமேதியா தடுத்தாள். "அது ஒண்ணையே நம்பாதீங்கக்கா. அந்தப் பதினாலுல ஒண்ணுக்கு நோய் வந்திருக்கே, பாத்தீங்களா? அந்த வைரஸ் அங்கயும் பிடி கத்துக்கிட்டு வருது. குறி கலந்தே இருக்கட்டும்." பொனாரியா மறுபேச்சில்லாமல் வேறு குறிகளிலும் சுத்தமான கிடாக்களைத் தேடி மூன்று பள்ளத்தாக்கு நடந்தாள். எங்கே போனாலும் அவளுடைய முதல் கேள்வி பரிசோதனைச் சீட்டுதான். இரண்டு இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மறு வாரம் அதே வாசலுக்குத் திரும்பவும் போனாள்.

மார்ச்சில் ஒரு நாள் கொனாரியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளுடைய வேலிக்கு வெளியே நின்றார். அவள் கறந்துகொண்டிருந்தாள்.

"மிஞ்சினத வச்சு மந்தைய எழுப்பணும் பொனாரியா. அந்த... வழுக்குற வம்சத்துல ஒரு கிடா வேணும்."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அந்தக் குறி பாக்கீஸியோவோடது. அவரு வீடு தெரியும்ல? இத்தன வருஷமா எந்தக் கண்ணுக்கு ஒதுங்கிப் போனீங்களோ, அந்தக் கண்ணப் பாத்துக் கேளுங்க."

அவர் போனார். அவர் போவதை ரொட்டிக் கடை வாசலில் எல்லோரும் பார்த்தோம். பாக்கீஸியோ கதவைத் திறந்து, முழுதும் கேட்டு முடித்து, மாறுகண்ணால் அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"கிடா தர்றேன் தலைவரே. அதுக்கென்ன" என்றார். "உங்க ஆட்டு ரத்தச் சீட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

கொனாரியோ சட்டைப் பையில் கையை விட்டுச் சீட்டை எடுத்தார்.