பெண் பார்க்க வந்தவர்களுக்கு வந்த அணு பயம்

கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கிறாள். அணு உலையின் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால், யுரேனியம் தோண்டுவதிலிருந்து கழிவைப் புதைப்பது வரை மண்ணுக்கும் காற்றுக்கும் எவ்வளவு கேடு என்று கணக்குப் போடுகிறாள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். இதை என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, "பொண்ணு அணு ஆராய்ச்சி பண்ணுது" என்று சுருக்கி ஒரு மாப்பிள்ளை வீட்டில் பெருமையடித்துவிட்டான்.

எங்களைப் போல அவர்களும் கடலூர்தான். ரசாயனத் தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தெரு. காற்று திரும்பினால் சன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, கேசரியைத் தொடாமல் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "அந்த அணு பொண்ணு உடம்புல ஒட்டிக்கிட்டு வந்துடாதுங்களா? நாளைக்குப் புள்ள குட்டின்னு ஆவணும்."

காபி கொடுத்த பெண் உள்ளே போய்விடுவதுதான் வழக்கம். இவள் நின்றாள்.

"உலையை நான் கண்ணால பார்த்ததே இல்லைங்கம்மா. கணக்கு மட்டும்தான்."

"சரி, அது நல்லதா கெட்டதா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஹைட்ரஜனை எரிவாயுலேர்ந்து எடுக்குறதைவிட இதுல கார்பன் ரொம்பக் கம்மிங்க. ஆனா சுரங்கம், சிமெண்ட், இரும்பு, உலையை ஆத்துற தண்ணி எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். கழிவை நமக்கப்புறமும் பல தலைமுறை காவல் காக்கணும்."

"பாருங்க, பொண்ணே காவல் போடணுங்குது" என்று அந்த அம்மா கணவரைப் பார்த்தார். உண்மை சொன்னதற்கு நல்ல பரிசு.

மாப்பிள்ளையின் அப்பா பெருந்தன்மையோடு வழி சொன்னார். "படிப்ப இத்தோட நிறுத்திட்டா, வர்ற முகூர்த்தத்துலயே தட்டு மாத்திக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிற ஆள். மகள் காபித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ முடிக்கட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"வீட்டுக்குப் போயி போன் பண்றோம்" என்று எழுந்தார்கள்.

"வருஷம் பூரா வாயத் தொறக்க மாட்டீங்க மாமா. தொறந்த அன்னிக்கே சம்பந்தத்த முடிச்சு உட்டுட்டீங்க" என்றான் மச்சான். அவர்கள் தொடாத கேசரி அத்தனையையும் அவனே சாப்பிட்டான். அணுவுக்கு அவன் பயப்படவில்லை.

போன் இன்னும் வரவில்லை. அவர்கள் தெருக் காற்றுதான் நேற்று எங்கள் வீடு வரை வந்தது, சன்னலைச் சாத்தினோம். மகள் சிதம்பரத்தில் ஆராய்ச்சியை எழுதிக்கொண்டிருக்கிறாள். நானும் இதை எழுதிவிட்டேன்.

ஆவணி 14, 2025.