படிக்கட்டு வந்த இடத்தில் இருந்த ஜன்னல்

டிரைவர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. நகரப் பேருந்தை வாழ்நாளெல்லாம் ஒரே தடத்தில் ஓட்டியவர். விடிவதற்கு முன் கிளம்பிப் போவார், விளக்கு வைத்த பிறகு திரும்பி வருவார். வார விடுமுறையைத் தூங்கியே தீர்த்துவிடுவார். ஆகவே தன்னுடைய வீடு பகலில் எப்படி இருக்கும் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

அவருடைய மனைவியைத் தெரு முழுவதும் தையலக்கா என்று கூப்பிட்டது. முன்னறையில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அதையொட்டித் தையல் மெஷின். ஜன்னலில் ஒரு கம்பி மட்டும் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. அதைத் திரும்பப் போடவே இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் துணி உள்ளே வரும், தைத்த துணி வெளியே போகும். பள்ளிச் சீருடைக்கு மடிப்பு இறக்குவது, கால்சட்டைக்கு ஜிப் மாற்றுவது, தலையணை உறை என்று சின்னச் சின்ன வேலைகள்தான். கையில் ஒன்று முடிவதற்குள் கம்பிச் சந்தில் இன்னொன்று வந்து தொங்கும்.

டிரைவர் பார்த்ததெல்லாம் இரவு நேரத்து மனைவியைத்தான். கண் சிவந்திருக்கும். தலைமுடியில் நூல் ஒட்டியிருக்கும். மெஷின் மேல் விரலால் தேய்த்தால் தெருப் புழுதி வரும். "பாவம், ரோட்டுல உக்காந்து தைக்கிற மாதிரி தைக்கிறா" என்று அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் மாடியில் அவளுக்கென்று ஓர் அறை கட்டித் தரவேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார். பெரிய விளக்கு, ஃபேன், துணி அடுக்க அலமாரி. இதையெல்லாம் மனசுக்குள் கட்டி முடித்து வெள்ளையும் அடித்துவிட்டார். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள்தான் அங்கே உட்காரப்போகிறவர்.

ஓய்வுப் பணம் கைக்கு வந்த சமயத்தில் வெளியூரில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி துணைக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று டிரைவர் மேஸ்திரியைக் கூட்டிவந்துவிட்டார். மகளிடம் மட்டும் போனில் சொன்னார்.

"அம்மாகிட்ட மூச்சு விடாத."

"அப்பா, எதுக்கும் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுருங்களேன்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. அவ எதத்தான் வேணும்னு சொல்லியிருக்கா?"

குழந்தை அழுகிறது என்று மகள் போனை வைத்துவிட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மேஸ்திரி கலகலப்பான மனிதர். வரைபடம் என்று காகிதத்தில் எதுவும் கிடையாது. செங்கல் துண்டால் தரையில் இரண்டு கோடு இழுத்து, "இது மாடி, இது படி" என்றார். படியை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். உள்ளே வைத்தால் சமையலறை போய்விடும். பின்பக்கம் சாக்கடைக் குழாய். மிச்சமிருந்தது முன்பக்கம்.

"முன்னாடி ஜன்னல் வருதேண்ணே."

"அது வழியா தூசிதானே வருது. அடைச்சுருங்க."

"அடைச்சுட்டாப் போச்சு" என்றார் மேஸ்திரி. மறுநாளே கம்பிகளைப் பெயர்த்துச் சுவரோரம் சாத்திவைத்தார்கள். ஒரு கம்பி குறைவதைப் பார்த்துவிட்டு, "இத யாருண்ணே தின்னது?" என்று கேட்டுச் சிரித்தார். டிரைவரும் சேர்ந்து சிரித்தார்.

வேலை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. ஆசை அவசரப்படுத்தியது. அறைச் சுவருக்கு வண்ணம் அடித்துக் காய்ந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். வயர் போட உளியை எடுத்தவர் சுவரையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொகத்துக்குப் பவுடர் போட்டுட்டு அப்புறம் ஷேவ் பண்ணுவாங்களா சார்? என்னைய முன்னாடியே கூப்பிட்டிருக்க வேணாமா?"

புது வண்ணத்தின் மேல் நீளமாகப் பள்ளம் விழுந்தது. பூசி மறைத்தார்கள். மறையவில்லை. பிளக் வைக்க வேண்டிய இடத்தைக் கேட்டபோது டிரைவர் குத்துமதிப்பாகக் கையைக் காட்டினார். கதவு மாட்டிய பிறகுதான் தெரிந்தது, கதவைத் திறந்தால் பிளக் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மெஷினில் மோட்டார் ஓட வேண்டுமானால் கதவைச் சாத்தித்தான் ஆகவேண்டும். அந்த மெஷினை மேலே ஏற்றுவதும் ஒரு கூத்தாகிவிட்டது. படி திரும்பும் இடத்தில் அது சிக்கிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"நாம மெஷின அளக்கலண்ணே. மெஷின் நம்மள அளந்துருச்சு" என்றார் மேஸ்திரி. கடைசியில் கால்களைத் தனியே கழற்றித்தான் ஏற்றினார்கள்.

மனைவி ஊரிலிருந்து வந்த அன்று, பையும் கையுமாகத் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, ஜன்னல் எங்க?"

"மேல வா, சொல்றேன்."

முழங்காலில் கைவைத்து மெதுவாக ஏறினார். டிரைவர் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஃபேனையும் சுழலவிட்டு, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி அலமாரிப் பலகையை ஒருமுறை தடவினார். மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எவ்வளவு பெரிய லைட்டு" என்றார்.

டிரைவருக்கு அது போதுமாக இருந்தது.

போகப் போகத்தான் நிலைமை புரிந்தது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகும் தாய்மார்கள் முன்பெல்லாம் நடக்கிற நடையில் துணியை நீட்டிவிட்டுப் போவார்கள். இப்போது படிக்கு முன்னால் புதிதாக வைத்த கேட்டைத் திறக்க வேண்டும், படி ஏற வேண்டும், சாத்தியிருக்கும் கதவைத் தட்ட வேண்டும். "கீழ நின்னு எவ்வளவோ கூப்பிட்டேன், ஃபேன் சத்தத்துல அக்காவுக்குக் கேக்கல" என்றார் ஒருவர். வேறு சிலர் ஒன்றும் சொல்லாமலே வருவதை நிறுத்திவிட்டார்கள். அலமாரியில் துணிக்குப் பதில் காலி நூல்கண்டுகள் உட்கார்ந்திருந்தன. கீழே முன்னறையில் பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. டிரைவர் அதன் அடியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. பகலில் வீடு இப்படித்தான் இருக்கும்போல என்று முதலில் நினைத்தார்.

ஒரு மதியம் கடைக்குப் போய்த் திரும்பும்போது, காய்கறி விற்கும் அம்மா படிக்கட்டுக்கு அடியில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். கையில் மடித்த சட்டை. முகம் வெறும் சுவரைப் பார்த்து இருந்தது.

"என்னம்மா இங்க நிக்கிற?"

"பழக்கதோஷம் டிரைவரண்ணே. காலு தானா இங்க கொண்டாந்து நிறுத்திருச்சு. மேல ஏற முட்டி ஒத்துக்காது. இன்னொரு நாளு பாக்கறேன்."

"குடு, நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

அந்த அம்மா சிரித்தார். "சட்டையக் குடுக்கலாம். அக்காகிட்ட நாலு வார்த்த பேசணுமே, அத எப்படி உங்ககிட்ட குடுத்துவிட?"

டிரைவர் உள்ளே போய் உட்கார்ந்தார். பேப்பரை விரிக்கவில்லை. அவர் வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தை அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றியது. புதுக் கூரை, புது பெஞ்சு, எல்லாம் இருந்தது. ஆனால் ஜனங்கள் பழைய வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். சந்தையும் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருந்தன. "ரூம்ல உக்காந்து கோடு போடறவனுக்கு எவன் எங்க நிப்பான்னு என்ன தெரியும்?" என்று ஏசிவிட்டு டிரைவர் தினமும் மரத்தடியில்தான் வண்டியை நிறுத்தினார். அதற்காக மெமோகூட வாங்கினார். இப்போது அந்தக் கோடு போட்ட ஆள் தான்தான் என்று நினைத்தபோது அவருக்கு வாய் கசந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஜன்னலைத் திரும்பத் திறக்க முடியுமா என்று கேட்டார். மேஸ்திரி படியைத் தட்டிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"படி மொத்தமும் இந்தச் சுவத்துலதாண்ணே சாஞ்சு நிக்குது. இதத் தொறக்கணும்னா படிய இடிக்கணும். படி போனா அந்த ரூமு அந்தரத்துல நிக்கும்."

அன்று சாயங்காலம் டிரைவர் மாடிக்குப் போனார். மனைவி பழைய துணியில் பை தைத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத பை.

"வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?"

மனைவி எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "எல்லாம் கட்டி முடிச்சிருந்தீங்க. சுவத்துகிட்டப் போயா சண்ட போட? அதுவுமில்லாம, பரிச்சையில பாஸான பையன் மாதிரி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னீங்க."

"முன்னாடியே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

மெஷின் நின்றது. "ஜன்னலுக்கு மேல ஒரு தகரம் போடச் சொல்லியிருப்பேன். மழையில வெளிய நிக்கிறவங்க நனையறாங்க. எனக்கு என்ன, நான் உள்ளதான இருந்தேன்."

ஒரு தகரத்துக்கு ஒரு காலைப்பொழுது வேலைகூட ஆகியிருக்காது.

எதிர்ப்பக்கத்து இஸ்திரிக்கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். "என் கொட்டகையில பாதி சும்மாதான் கெடக்கு. வந்து உக்காருங்கக்கா. தைக்கிற கையும் தேய்க்கிற கையும் பக்கத்துல இருந்தா ஜனங்களுக்கும் நல்லதுதானே." மெஷினின் கால்கள் மறுபடி கழன்றன. மெஷின் கீழே இறங்கியது.

இப்போது காலையில் கிளம்பிப் போவது மனைவி. வீட்டில் இருப்பது டிரைவர். எல்லா வசதியும் உள்ள அந்த மாடி அறையில் கதவைத் திறந்துவைத்து, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கொட்டகை தெளிவாகத் தெரியும். மனைவியின் சிரிப்பு தெரு தாண்டி மேலே வரும். அது அவர் அதிகம் கேட்டிராத சிரிப்பு. தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த பகலெல்லாம் இது கீழே முன்னறையில்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றும். இனியாவது கூடவே இருந்து கேட்டிருக்கலாம். ஓய்வு கிடைத்த உடனே அதைத்தான் அவர் முதலில் அடைத்துவிட்டார்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரத்தின் அடியில் நாலைந்து பேர் ஒண்டி நின்றார்கள். உள்ளேயிருந்து மனைவி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் கீழே இறங்கித் தன் துணிகளில் தேடி, பட்டன் போன சட்டை ஒன்றை எடுத்தார். குடையை விரித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும் சட்டையை நீட்டினார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இத வீட்டுல குடுத்தா ஆகாதா?"

"இங்க குடுக்கணும்னு தோணுச்சு."

மனைவி சட்டையைப் புரட்டிப் பார்த்தார். "எப்ப வேணும்?"

"அவசரமில்ல. மத்தவங்களுத முடி."

சட்டை மற்றத் துணிகளுக்கு அடியில் போனது. டிரைவர் உடனே கிளம்பவில்லை. தகரத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. குடையை மடக்கிக்கொண்டு அங்கே நின்றார். எதிரே தன் வீட்டு முன்சுவர் மழையில் நனைந்துகொண்டிருந்தது. படிக்கு அடியில் அடைத்த இடம் மட்டும் நிறம் மாறி, ஜன்னல் அளவுக்குச் சதுரமாக ஈரம் காட்டியது.