அந்த உத்தரவு அக்காவுடையது அல்ல

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அச்சகத்தார் காலையிலிருந்து போன் மேல் போன் போடுகிறார். நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அக்கா சாயர்புரத்தில் பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாகப் பிறந்தார்கள். ஆறுமுகநேரி உப்பளக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆறாம் ஆண்டில் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு நின்ற அக்காவிடம், அளத்தை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நானும் சொன்னேன். "ஏலே, ஒன்கிட்ட யோசன கேட்டனா?" என்றார்கள். அந்த அளத்தைத்தான், தூத்துக்குடி துறைமுகம் வழியாக உப்பு அனுப்பும் கம்பெனியாக வளர்த்தார்கள். பிறகு என்னையும் மேலாளராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கம்பெனி நடத்த என்ன தகுதி வேண்டும் என்று பேச, கல்லூரிகளில் அக்காவைக் கூப்பிடுவார்கள். போகமாட்டார்கள். "துணிச்சல், நேர்மைன்னு நாலு வார்த்த சொல்லிட்டு வரவா? எனக்கு அளத்துல சோலி கெடக்கு" என்பார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை மழைக்கு முன் ஓலை போட்டு மூட வேண்டும். மற்ற அளங்களில் முதலாளி சொன்னால்தான் மூடுவார்கள். எங்கள் அளத்தில், மழை வரும் என்று யாருக்குத் தோன்றினாலும் மூடலாம். யாரையும் கேட்க வேண்டாம். மழை வராமல் ஏமாற்றினாலும் ஒரு வார்த்தை திட்டு விழாது. நேற்று வேலைக்கு வந்தவருக்கும் அந்த உரிமை இருந்தது.

அக்கா சிகிச்சைக்காக மதுரை போயிருந்த வாரம் பொறுப்பு என்னிடம் இருந்தது. மறுநாள் லாரிகள் வருவதாக ஏற்பாடு. கங்காணியாக இருக்கும் பாக்கியம் என்ற பெண் காலையில் போன் செய்து, "அண்ணாச்சி, மேகம் கூடுது, மூடுதோம்" என்றார். மூடினால் பிரித்து ஏற்ற அரை நாள் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு. "நான் சொல்லாம ஒருத்தரும் ஓலையத் தொடக்கூடாது" என்று கத்தினேன். மத்தியானம் கொட்டிய மழையில் ஆறு மாத உழைப்பு கரைந்து வாய்க்காலில் ஓடியது.

நடந்ததை நான் போனில் சொல்ல, மறுநாளே அக்கா வந்து எல்லாரையும் கூட்டி, "மூட வேண்டாம்னு நான்தான் தம்பிகிட்ட சொன்னேன். தப்பு எம்மேல" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காரில் திரும்பும்போது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு நீதானல நடத்தணும்? ஒஞ்சொல்லுக்கு மரியாத வேண்டாமா? ஆனா ஒருநாள் நீயே போய்ச் சொல்லிரணும்" என்றார்கள்.

நாளை, நாளை என்று தள்ளிப்போட்டே மூன்று வருடம் ஓடிவிட்டது. அளத்தில் வேலை செய்பவர்கள் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கப் பழகிவிட்டார்கள். "குடுத்த உரிமைய அக்காவே பறிச்சிட்டாவளே" என்ற பேச்சு அக்கா காதுக்கும் வந்தது. அவர்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா போய்விட்டார்கள்.

போன வாரம்தான் அளத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பாக்கியம் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டார். "இத அக்கா இருக்கும்போது சொல்லிருக்கணும்லா அண்ணாச்சி? கடைசி வரைக்கும் நாங்க அவியட்ட முகங்கொடுத்துப் பேசலையே!" என்று அழுதார். வெட்கமாக இருக்கிறது.

கடைசி மாதங்களில் அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், பக்கத்தை விட்டு நகராத அக்கா மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மழையைப் பற்றிப் பேச்சு வந்தால், அக்கா தவறு செய்துவிட்டார்கள் என்று இனிமேல் சொல்லாதீர்கள். செய்தது தம்பி, அக்கா கண்மூடும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லுங்கள்.