சட்டை முதுகில் ஒரு கை

“இது யார் கை?”

“எது?”

“உன் முதுகுல இருக்கறது.”

“மில்லுல நின்னுட்டு வர்றவன் மேல மாவு ஒட்டாம பின்ன பெயின்ட்டா ஒட்டும்?”

“மாவு ஒட்டும் எல்வுட். மாவுக்கு விரல் முளைக்குமா?”

எல்வுட் சிரித்தான். சட்டையைக் கழற்றித் துவைக்கும் கூடையில் எறிந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். வெர்னா அந்த நீலச் சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், வெள்ளையாக, ஒரு கை பதிந்திருந்தது.

சின்னக் கை. பெண்ணின் கை.

இது உண்மையில் நடந்தது. அந்த மில் இருக்கிற எங்கள் மாவட்டப் பூங்காவில் வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் பிள்ளைகளைப் பயமுறுத்த அட்டைப் பேய்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த மாதிரி விளையாட்டில்லை இது. வெர்னா காஃப்மனை எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். தேவாலயத்துக்கு, மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை செய்து கொடுக்கிறவள். கற்பனையில் மிதக்கிற ஆள் இல்லை. அவள் சொன்னதில் நான் ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இருவருக்கும் அது இரண்டாவது கல்யாணம். திங்கள் முதல் வெள்ளி வரை எல்வுட் பால் டேங்கர் ஓட்டுவான். விடியும் முன் போனால் இருட்டியபின் வருவான். ஞாயிறு தேவாலயத்தோடு போய்விடும். மிச்சமிருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் அந்தப் பூங்காவில் இருந்த பழைய ஸ்டால்னெக்கர் மில் எடுத்துக்கொண்டது. ஓடைத் தண்ணீரில் ஓடுகிற மாவு மில். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு அதை ஓட்டிக் காட்டவும் மக்காச்சோளம் அரைத்துக் கொடுக்கவும் ஒரு தன்னார்வலர் வேண்டும் என்றார்கள். எல்வுட் முதல் ஆளாகக் கையைத் தூக்கினான்.

‘சனிக்கிழமையாவது வீட்டில் இரு’ என்று வெர்னா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. சிறுமியாக இருந்தபோது, ஊர் ஆண்கள் கூடுகிற தீயணைப்புப் படை ஹாலின் வாசற்படியில் அம்மா நின்று, உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த அப்பாவை ‘வீட்டுக்கு வாங்க, வீட்டுக்கு வாங்க’ என்று கூப்பிட்டதைப் பார்த்தவள் அவள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் வரும். எந்த ஆணிடமும் அப்படிக் கேட்பதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டாள். கேட்காமலே வீட்டில் இருக்கிறவன்தான் வேண்டும் அவளுக்கு.

அதனால் அவள் பேசாமல் துணி துவைத்தாள். ஆனால் சனிக்கிழமைதோறும் அந்தக் கை வந்துகொண்டிருந்தது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது ட்ரூடியை. பூங்காக் கடையில் டிக்கெட்டும் சோளமாவுப் பையும் விற்கிறவள். புருஷனை விட்டு வந்தவள். எல்லாவற்றுக்கும் கலகலவென்று சிரிப்பாள். வெர்னா பீட்ரூட்டில் ஊறப்போட்ட முட்டை ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு, உபசாரத்துக்குப் போவது போல அவளைப் பார்க்கப் போனாள்.

“அய்யோ, எனக்கா? எல்வுட் குடுத்து வச்ச ஆளு வெர்னா!” என்று ட்ரூடி இரண்டு கைகளாலும் ஜாடியை வாங்கினாள்.

வெர்னா கைகளைத்தான் பார்த்தாள். பேஸ்பால் கையுறை மாதிரி அகலமான, பெரிய கைகள். அதில் ஒன்றை வைத்தால் எல்வுட்டின் பாதி முதுகு மறைந்துவிடும். பத்து விரலும் முழுசாக இருந்தன.

சட்டையில் இருந்த கைக்குச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அன்று இரவு சட்டையை உதறும்போது அந்த மாவை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. ஆப்பிள் பை சுடுகிறவளுக்குத் தெரியாதா? கோதுமை மாவு. சலித்த, வெள்ளைக் கோதுமை மாவு.

அந்த மில்லில் மஞ்சள் சோளத்தைத் தவிர வேறெதுவும் அரைப்பதில்லை. கோதுமை சலிக்கிற சல்லடை எப்போதோ உடைந்து மாடியில் கிடக்கிறது. எல்வுட்டே சொல்லியிருக்கிறான்.

அப்படியானால் அந்தக் கைக்காரி தன் வீட்டிலிருந்து மாவுக் கையோடு வருகிறாள்… சமையலை அப்படியே போட்டுவிட்டு வருகிறாள்… யாரடி நீ?

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. அந்த வருஷத்துக்கு மில் ஓடுகிற கடைசி நாள். மதியம் சாய்கிற நேரத்தில் வெர்னா காரை, மேலே கூரை போட்ட பழைய மரப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தாள். நல்ல வெயில். பார்க்க வந்த குடும்பங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. கடையில் ட்ரூடி கணக்கை முடித்துக்கொண்டிருந்தாள்.

மில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் மீதமிருந்த சோளத்தை அரைத்து முடிக்க எல்வுட் ஒருவன் மட்டும் உள்ளே இருந்தான்.

கீழ்க்கதவு வழியாக நுழைந்து படியேறினாள். தரை அதிர்ந்தது. வெளியே சக்கரம் தண்ணீரை வாரிக் கொட்டியது. உள்ளே பல்சக்கரங்கள் முனகின. தொட்டியைக் குலுக்குகிற இரும்புத் தண்டு, கட… கட… கட… கட… என்று நிற்காமல் அடித்தது. தன் மூச்சுச் சத்தமே தனக்குக் கேட்கவில்லை.

அதற்காகவே அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்வுட் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான். “உள்ள கத்தி ஒண்ணும் பிரயோஜனமில்ல வெர்ன். முதுகுல தட்டணும். ஒரு தட்டுன்னா தொட்டியில தானியம் தீரப்போகுது. ரெண்டு தட்டுன்னா தண்ணிய நிறுத்து. தானியமில்லாம கல்லோட கல்லு உரசினா தீப்பொறி. மாவுத் தூசி முழுக்க குப்புனு பிடிச்சுக்கும்.”

வெர்னா மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றாள்.

எல்வுட் குனிந்து, விழுகிற மாவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு இவள் பக்கம். நீலச் சட்டை. சுத்தமாக இருந்தது.

யாருமில்லை.

பொறுத்தாள்.

கட… கட… கட…

சட்டை அமுங்கியது.

தோள்பட்டைகளுக்கு நடுவே, துணி உள்ளே போனது. யாரோ உள்ளங்கையை வைத்தது போல. எடுத்தது போல. மறுபடி வைத்தது போல. ஒன்று… இரண்டு… மூன்று.

வெள்ளை மெல்லத் தெளிந்து வந்தது. உள்ளங்கை. நான்கு விரல். ஒரு பாதி விரல்.

எல்வுட் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிரக்கூட இல்லை. புன்னகை செய்தான். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், அந்த வெறும் காற்றை, ஒரு கையைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டிக்கொடுத்தான். உதடு அசைந்தது. என்னவோ சொன்னான்.

வெர்னாவுக்கு முதலில் பயம் வரவில்லை. என்னை ஒரு நாளாவது இப்படித் தட்டிக்கொடுத்திருக்கிறானா? பேயோ பிசாசோ, யாராக இருந்தால் என்ன? என் புருஷன்!

விடுவிடுவென்று போனாள். அந்த வெள்ளைக் கையின் மேலேயே தன் கையை வைத்தாள்.

சட்டை தட்டுப்படவில்லை.

இன்னொரு கை தட்டுப்பட்டது.

சில்லென்று… ஈரமாக… சின்னதாக. அது இன்னும் அங்கேயேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. விரல் கணுக்கள், எலும்பு, எல்லாம்.

அது திரும்பியது.

இவள் கையைப் பிடித்தது.

இறுக்கியது.

விட்டது.

அப்புறம்… வெர்னாவின் முதுகில்.

தட்டவில்லை.

தள்ளியது.

முழங்கால் பலகையில் மோத விழுந்தாள். எல்வுட் பதறித் திரும்பினான். ஓடிப்போய் மதகை இறக்கினான். சக்கரம் முனகி, சுற்று குறைந்து, நின்றது. அந்த அமைதி காதில் வலித்தது.

“வெர்ன்! நீ எங்க இங்க? அடி பட்டுச்சா?”

“யாரு அவ?”

எல்வுட் குனிந்தான். அவளைத் தூக்கி மூட்டைமேல் உட்காரவைத்தான்.

“உனக்குத் தெரியும். சொல்லு.”

“தெரியாது. சத்தியமா தெரியாது. ஜூன்லேர்ந்து தட்டுது. முதல்ல நானும் பயந்தேன். அப்புறம்… ஒண்ணும் பண்ணல. துணைக்கு ஒருத்தர் இருக்கற மாதிரி இருந்துச்சு.”

“துணையா? நான் எதுக்கு இருக்கேன்? பை சுடவா?”

“சனிக்கிழமை நான் வீட்டுல இருந்தா உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொன்னதே இல்லியே.”

வெர்னா ஸ்வெட்டரின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். படியிறங்கினாள்.

வெளியே வந்தார்கள். ட்ரூடி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன வெர்னா, வேவு பாக்க வந்தீங்களா?” என்று சிரித்தபடி திரும்பினவள், தன்னைத் தாண்டிப் போன வெர்னாவின் ஸ்வெட்டர் முதுகில் வெள்ளைக் கை பதிந்திருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“எல்வுட். உனக்கும் இப்படி வருதா?”

“வரும்.”

“எத்தனை தட்டு?”

“மூணு. எப்பவும் மூணுதான். ஏன்?”

ட்ரூடி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். பிறகு சொன்னாள். அவள் கொள்ளுத்தாத்தா சொன்னதாம். கோதுமை மூட்டையோடு இதே மில்லில் வரிசையில் நின்றவர் அவர். அப்போது மில்லை ஓட்டியவன் ஜோனஸ் ஸ்டால்னெக்கர். அவன் பெண்டாட்டி சலோமி. ஒருமுறை பல்சக்கரத்தில் மாட்டிச் சுண்டுவிரலில் பாதியை இழந்தவள். மாவு பிசைந்த கையோடு வீட்டிலிருந்து வந்து அவன் முதுகில் மூன்று தடவை தட்டுவாளாம். சாப்பாடு தயார், வீட்டுக்கு வா என்று அர்த்தம். மூட்டை கொண்டுவந்த ஒருத்தியோடு ஒரு நாள் அவன் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். சலோமி தட்டினாள். அவன் போகவில்லை. மறுபடி தட்டினாள். போகவில்லை. சாயங்காலம் அவளைச் சக்கரக் குழியிலிருந்து பிணமாக எடுத்தார்கள்.

“அதோட முடிஞ்சுதா?” என்றாள் வெர்னா.

“இல்ல. அந்த வருஷக் குளிர்காலம். கொள்ளுத்தாத்தா பக்கத்துல நிக்கறாரு. மில்லு ஓடுது. ஜோனஸ் திடீர்னு நிமிந்தான். கையத் துடைச்சான். ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினான். ‘வர்றேன்’ன்னான். தண்ணிப் பக்கத்துக் கதவைத் திறந்து போயிட்டான்.”

“அந்தப் பக்கம் வழியே கிடையாதே,” என்றான் எல்வுட்.

“கிடையாது. சக்கரம்தான். அவனுக்கப்புறம் வந்தவனும் அப்படியே. ஏப்ரனை மாட்டிட்டு, ‘வர்றேன்’னுட்டு… அதுக்கப்புறம்தான் மில்லையே மூடினாங்க.” சாவியைக் கைப்பையில் போட்டாள். “இதெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்ற கதைன்னு நெனச்சிருந்தேன். மூணு தட்டு யாருக்கும் வந்ததில்ல, இத்தனை வருஷமா.”

காரில் வரும்போது வெர்னா கேட்டாள். “உள்ள, உன் உதடு அசைஞ்சுதே. என்ன சொன்னே?”

எல்வுட் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஞாபகம் இல்ல,” என்றான்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்து, உள்ளே கோழிக்கறி வைத்துச் சுட்ட பை சாப்பிட்டார்கள். எல்வுட் டிவியில் ஃபுட்பால் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். கண் சொக்கியது. வெர்னா தட்டுக் கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம். மில் நின்றுவிட்டது. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. இனி ஏப்ரல் வரை அவன் அங்கே போகவேண்டியதில்லை. அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினாள்.

எல்வுட் எழுந்து நின்றிருந்தான். கண் திறந்திருந்தது. இவளைப் பார்க்கவில்லை.

கைகளைப் பேன்ட்டில் துடைத்தான். ஒன்று. மற்றொன்று. நிதானமாக.

இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், அங்கே இல்லாத ஒரு முடிச்சை அவிழ்த்தான்.

இல்லாத ஏப்ரனைத் தலைவழியே கழற்றினான். வெறும் சுவரில், ஆணியே இல்லாத இடத்தில், மாட்டினான்.

“வர்றேன்,” என்றான்.

அவன் குரல்தான். ஆனால் அவ்வளவு பிரியமாக அவன் பேசி வெர்னா கேட்டதே இல்லை.

பின்கதவை நோக்கி நடந்தான். கதவுக்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால், மில்லுக்குப் போகிற அதே ஓடை.

வெர்னாவின் கையில் சோப்பு நுரை சொட்டியது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம். அவனுக்குத் தோள் பெரிது. இழுத்துக்கொண்டே போய்விடுவான். ஒரே ஒரு வழிதான் இருந்தது, வாய்விட்டுக் கூப்பிடுவது. தீயணைப்புப் படை ஹாலின் படியும், அம்மாவின் நனைந்த கோட்டும், உள்ளிருந்து வந்த சிரிப்பும் குறுக்கே வந்து நின்றன.

அங்கே ஒருத்தி செத்தும் வெட்கப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இவள் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவன் கை தாழ்ப்பாளைத் தொட்டது.

“எல்வுட்!” குரல் உடைந்தது. உடையட்டும். “போகாத. அவ கூப்பிட்டா போயிடுவியா? நான் கூப்பிடறேன். இங்க இரு. என்கூட வீட்டுல இரு.”