ஒற்றை விசில்

எனக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. ஊரெல்லாம் சனி, ஞாயிறு ஓய்வெடுக்கும்போதுதான் குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தருகிறவளுக்குத் தலைக்கு மேல் வேலை. ஞாயிறு மாலை கடைசி வகுப்பை முடித்துவிட்டுக் காந்திபுரத்தில் கோபி பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்கு வீடு. மறுநாள் காலை மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து தூங்கும்வரை அவள் எனக்கு. செவ்வாய்க்கிழமை அவள் கண்விழிக்கும் முன்பே நான் மறுபடி பஸ் ஏறிவிடுவேன். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் மட்டும் நான் அம்மாவாக இருந்தேன், அப்படியே இரண்டரை வருடம் ஓடியது.

கணவருக்குக் கோபியில் அண்ணனோடு சேர்ந்து வாழைத்தார் மண்டி. அதை விட்டுவிட்டு வர முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலைக்குக் கோயமுத்தூரில்தான் இடம் இருந்தது. மகள் அவளுடைய பெரியம்மாவிடம் வளர்ந்தாள். பெரியம்மா நல்லவர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். சில திங்கட்கிழமைகளில் அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

ஞாயிறு மாலை பஸ் கோயமுத்தூரைத் தாண்டியதும் போன் வந்துவிடும்.

"அம்மா, இப்ப எங்க வாரே?"

"கருமத்தம்பட்டி தாண்டிட்டேன் கண்ணு."

பத்து நிமிடம் கழித்து மறுபடி போன். அவிநாசி. பிறகு சேவூர். பிறகு நம்பியூர். நாலு வயதில் அவளுக்கு அந்தத் தடத்தின் நிறுத்தங்கள் எல்லாம் மனப்பாடம். நம்பியூர் என்றதும் போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாளாம்.

நான் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றது விளையாட்டு விடுதியில். பத்து வயது. காலை அகட்டி உட்காரச் சொல்லி, இடுப்பு தரையில் படாவிட்டால் முதுகில் ஒரு பெரிய பெண்ணை ஏற்றி உட்காரவைப்பார்கள். பயிற்சியாளர் கையில் பிரம்பு இருக்கும். அடித்ததைவிட அது காற்றில் போட்ட சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. மாநில அளவில் பதக்கம் வாங்கினேன். ஒரு நாள்கூட அந்தக் கூடத்தில் சிரித்த ஞாபகம் இல்லை.

அதனால், நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தின் உரிமையாளர் அம்மா, "ஆறு வயசு வரைக்கும் வெறும் விளையாட்டுத்தானுங்க மிஸ். கத்துக்கறோம்னே அதுகளுக்குத் தெரியக் கூடாது" என்றபோது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கரடி மாதிரி நட, தவளை மாதிரி தாவு, தரையெல்லாம் ஆறு, மெத்தையெல்லாம் பாறை. இதெல்லாம் காசு வாங்கிக்கொண்டு குழந்தைகளை மேய்க்கிற வேலை என்று நினைத்தேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். "ஏனுங்க மிஸ், வந்து ஒரு மாசம் ஆச்சுங்க. இன்னும் முயலாட்டவே குதிச்சுட்டு இருக்கறான். பல்டி எப்பங்க அடிப்பான்?" என்று ஒரு அப்பா வாராவாரம் கேட்பார். எனக்கும் அதே எரிச்சல்தான். வாயைக் கட்டிக்கொண்டு, "அடிப்பானுங்க" என்பேன்.

என் மூக்கை உடைத்தது ஒரு பீம். முழங்கால் உயரம்கூட இருக்காது. ரெக்ஸின் சுற்றிய நீளக் கட்டை, அவ்வளவுதான். அதன்மேல் நடந்து நுனிக்குப் போய்க் குதிக்க வேண்டும். ஒரு வாண்டும் ஏறவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், என் பாச்சா பலிக்கவில்லை. கடைசியில் ஒரு பொடியன் அதன்மேல் இருபக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, "டுர்ர்ர்" என்று பஸ் ஓட்ட ஆரம்பித்தான். பின்னாலேயே ஏழு பேர் ஏறிக்கொண்டார்கள். கழுத்தில் விசில் தொங்கியதால் நான் கண்டக்டர் ஆனேன்.

அந்த ஆட்டம் அப்படிப் பிறந்தது. ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும். இரண்டு விசில் அடித்தால் கிளம்பும். ஒவ்வொருவரும் எங்கே இறங்குவதென்று சொல்ல வேண்டும். ஒற்றை விசில் அடித்ததும் எழுந்து, பீமின்மேல் நுனிவரை நடந்து, கீழே மெத்தையில் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். குதித்ததும் காலில் கோந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று எண்ணும்வரை அசையக் கூடாது. பிறகு சுற்றி வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஊட்டியில் இறங்கினார்கள், ஏர்போர்ட்டில் இறங்கினார்கள், மேட்டுப்பாளையம் மாமா ஊட்டில் இறங்கினார்கள். ஒருத்தி "பாத்ரூம்" என்றாள். நான் விளையாட்டென்று நினைத்து விசில் அடிக்கத் தாமதித்ததில் மெத்தையைக் கழுவ வேண்டியதாயிற்று. இரண்டே மாதத்தில் அத்தனை பேரும் பீமில் நடந்தார்கள், குதித்தார்கள், அசையாமல் நின்றார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடமும் நிறையப் பிரம்புச் சத்தமும் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்பது குறைவு. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால்தான் நான் நானாக இருந்தேன்.

அதுதான் என் சங்கடமும். எட்டுக் குழந்தைகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது ஒன்பதாவது ஒருத்தியின் கனத்தை என் தோள் தேடும். அவள் தலையில் பெரியம்மா வைக்கும் எண்ணெய் வாசம் எந்தக் குழந்தையிடமும் வராது. வராது என்று தெரிந்தும் குனிந்து முகர்ந்து பார்ப்பேன்.

அவள் யு.கே.ஜி. போக வேண்டிய வருடம் வந்தது. நான் அதுவரை தங்கியிருந்த பெண்கள் விடுதியைக் காலிசெய்துவிட்டுப் பீளமேட்டில் ஒற்றையறை வீடு ஒன்று பார்த்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கிவைத்தேன். குட்டித் தட்டு, குட்டி டம்ளர், மஞ்சள் நிறத்தில் ஒரு வாளி. மே மாதம் அவளை அழைத்துவரக் கோபிக்குப் போனபோது கணவர் சொன்னார், "பத்து நாள் வெச்சுப் பாரு அம்மணி. இருந்துக்கறேன்னு சொன்னா அங்கயே சேத்திரலாம். அழுதான்னா ஞாயித்துக்கெழம கொண்டாந்து உட்டுரு. கட்டாயப்படுத்த வேண்டாம்."

பத்து நாள். என் வாழ்க்கையில் எந்தப் போட்டிக்கும் நான் அப்படித் தயாரானதில்லை.

அவள் அழவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், குளித்தாள், இரவில் கதை கேட்டுத் தூங்கினாள். விருந்துக்கு வந்த குழந்தை மாதிரி ஒழுங்காக இருந்தாள். காலையில் கூடத்துக்குக் கூட்டிப்போவேன். மற்ற குழந்தைகள் குழம்பக் கூடாதென்று, "இங்க மட்டும் என்னை மிஸ்னு கூப்புடு கண்ணு" என்று சொல்லிவைத்தேன். அதையும் செய்தாள். "மிஸ், தண்ணி வேணுங்க" என்பாள். வீட்டில் என்னை வா, போ என்கிறவள், அங்கே அடுத்த வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையை எனக்குக் கொடுத்தாள். கேட்டு வாங்கிக்கொண்டது நான்தான்.

என் கையிலிருந்த துருப்புச் சீட்டு பஸ் ஆட்டம்தான். அதைப் பார்த்தால் மயங்கிவிடுவாள் என்று நம்பியிருந்தேன். அவளோ செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு பீமைப் பார்த்தபடியே இருந்தாள். ஏற மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பயமா என்றால் அதுவும் இல்லை. மண்டியில் தார்கள் அடுக்கிய வண்டியிலிருந்து குதிக்கிறவள் அவள். ஏழு நாள் அப்படியே போயின. கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா, "மிஸ்ஸோட பாப்பாவுங்களா? அதுக்கு இதெல்லாம் பிடிக்காதுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் பிள்ளையைக் கொஞ்சம் அதிக நேரம் கரடி நடை நடக்கவைத்தேன்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, தானாக எழுந்து வந்து பீமின் கடைசியில் ஏறி உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் முறை வந்தது.

"பாப்பா எங்க எறங்கறீங்க?"

என்னையே பார்த்தாள்.

"நீங்க எங்க மிஸ் எறங்குவீங்க?"

"கண்டக்டர் எறங்க மாட்டாங்க கண்ணு. பஸ்ஸோடவே போவாங்க, பஸ்ஸோடவே வருவாங்க."

அவள் பீமிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து கையை நீட்டினாள். விசிலைக் கேட்கிறாள். கழற்றிக் கொடுத்தேன். "நீங்க உக்காருங்க மிஸ்" என்றாள். முப்பத்தொரு வயதில், முழங்கால் மோவாயை இடிக்க, அந்தப் பஸ்ஸில் முதல்முறையாக நான் ஏறி உட்கார்ந்தேன். மிஸ் ஏறிவிட்டார் என்று மற்ற வாண்டுகள் கும்மாளமிட்டுக்கொண்டு என் முன்னும் பின்னும் ஏறினார்கள்.

அவள் யாரிடமும் நிறுத்தம் கேட்கவில்லை. இரண்டு விசில் அடித்தாள். பீமின் ஓரமாக நடந்துகொண்டே சொன்னாள், "கருமத்தம்பட்டி தாண்டியாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அவிநாசி." பிறகு, "சேவூர்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நம்பியூர்" என்றபோது குரல் வேகமாயிற்று. பிறகு ஒற்றை விசில். நீளமாக.

"கோபி வந்திருச்சு. மிஸ் மட்டும் எறங்குங்க."

எழுந்து, நடந்து, குதித்தேன். பழக்கதோஷம், முழங்கால் மடங்கி, கை முன்னால் நீண்டு, சுத்தமாக வந்து நின்றேன். மூன்று எண்ணினேன். விதிப்படி சுற்றிப்போய் மறுபடி ஏறலாம் என்று திரும்பினேன். அவள் அவசர அவசரமாக இரண்டு விசில் அடித்தாள்.

"ரைட், போலாம்!"

பிள்ளைகள் எல்லோரும் "டுர்ர்ர்" என்றார்கள்.

"அப்ப நான்?" என்றேன்.

"பஸ் போயிருச்சு. இனி பஸ்ஸே இல்ல. நீ இங்கயே இருந்துக்கோம்மா."

மிஸ் என்பது போய்விட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டு நாள் நான் அவளைச் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் கேட்க வேண்டியதை அந்தப் பீமைப் பார்த்துக்கொண்டே தேடியிருக்கிறாள். இரவு விளக்கை அணைப்பதற்குமுன் கேட்டேன், "இங்கயே அம்மாகூட இருந்துக்கறயா சாமி?" அவள், "நீ அங்க வந்துரு" என்றாள். அவ்வளவுதான். அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோபியில் கொண்டுபோய் விட்டேன். விசிலை அவளே வைத்துக்கொண்டாள். விண்ணப்பம் பைக்குள்ளேயே இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று திங்கட்கிழமை முழுக்க நினைத்தேன். விட்டுவிட்டால் கோபியில் யாருக்கு என்ன சொல்லித்தருவேன், நான் யாராக இருப்பேன் என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றைப் பொய் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் சத்தம் போடாமல் கிளம்பினேன். அவள் ஏற்கெனவே எழுந்து, கழுத்தில் விசிலோடு, அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதுவரை என்னை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்புவதை அவள் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் எனக்கு முத்தம் கொடுத்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினேன். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். பஸ் பின்னால் வந்து, திரும்பி, வாசலை நோக்கி மெல்ல நகர்ந்தது.

அப்போது வெளியிலிருந்து ஒற்றை விசில் வந்தது. நீளமாக.

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஆருங்க எறங்கோணும்?"

டிரைவர் காத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"ஒருத்தரும் இல்லீங்க" என்றேன். "போலாங்க."